தருமபுரி, கிருஷ்ணகிரியில் கவுன்சிலிங் மையம் தொடங்குவோர் தங்களுக்கான தனிக்களத்தைத் தேர்ந்துகொள்வது எப்படி?

தருமபுரியில் நான் முதன்முதலாக மாட்டிய பெயர்ப்பலகையில் பதினான்கு பிரச்சினைகள் எழுதப்பட்டிருந்தன. மனச்சோர்வு, பதற்றம், தாழ்வு மனப்பான்மை, கணவன் மனைவி தகராறு, குடிப்பழக்கம், கற்றல் குறைபாடு, செல்போன் அடிமைத்தனம் என்று நீண்ட அந்தப் பட்டியலில் எதை விட்டாலும் அதற்காக வரக்கூடிய ஒருவர் வராமல் போய்விடுவாரோ என்று எனக்கு அச்சம். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தவர் ஒருநாள் மாலை என்னை நிறுத்தி, "ஏங்க மேடம், மேல நீங்க எதுக்குப் பார்க்கறீங்க?" என்று கேட்டார். பலகையில் இருந்ததை ஏறக்குறைய முழுவதுமாக ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எல்லாத்துக்குமே பார்ப்பீங்க" என்றார். அடுத்த நான்கு மாதங்களில் அவர் ஒருவரைக்கூட மேலே அனுப்பவில்லை. மருந்துச் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை கேட்டு அவர் கடைக்கு வந்து திரும்பிப் போனவர்களைப் பற்றிப் பின்னாளில் அவரே சொன்னார். அவர்களில் யாரை என்னிடம் அனுப்புவது என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

உளவியலிலோ சமூகப்பணியிலோ பட்டம் பெற்று, மேற்பார்வையின் கீழ் பயிற்சியும் முடித்து, இவ்விரு மாவட்டங்களில் சொந்தமாகக் கவுன்சிலிங் மையம் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். விளம்பரத் துறையினர் 'நிஷ்' என்று சொல்வதைத் தனிக்களம் என்று குறிப்பிடுகிறேன். இன்ன நிலையில் இருக்கும் மனிதர்களின் இன்ன சிக்கல் என்று ஒரு மையம் தனக்கென வகுத்துக்கொள்ளும் எல்லை அது. பெங்களூரில் ஒருவர் இணையத்தில் தேடி, பத்து ஆலோசகர்களின் விவரங்களை ஒப்பிட்டு, தமக்குத் தோதானவரைத் தேர்ந்துகொள்வார். இங்கே வருகிறவர் பெரும்பாலும் ஓர் ஆசிரியையோ, ஒரு நர்ஸோ, ஒரு சித்தியோ சொல்லித்தான் வருகிறார். ஆகையால், நம் ஊர்களில் தனிக்களம் என்பது மூன்றாம் மனிதர் ஒருவர் இன்னொருவரிடம் கூச்சப்படாமல் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய ஒரு வாக்கியமாக இருக்க வேண்டும் என்பதே என் அனுபவம். கீழே வரும் படிகள் யாவும் அந்த வாக்கியத்தைக் கண்டடைவதற்கானவை.

முதல் படி: தகுதியின் எல்லையை வரைந்துகொள்ளுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெறாதவர் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது. மனநல மருத்துவர் போன்ற பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே மருந்து எழுதலாம். உளவள ஆலோசகர் இவ்விருவரின் பணியையும் தம் பலகையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. ஆலோசகர்கள் உள்ளிட்ட நடத்தைநலப் பணியாளர்களும் 2021ஆம் ஆண்டின் தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டிருப்பதால், பதிவு தொடர்பான அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனித்து வாருங்கள். பிறகு ஒரு தாளில், நீங்கள் மேற்பார்வையோடு உண்மையிலேயே கையாண்ட சிக்கல்களை மட்டும் எழுதுங்கள். இரண்டு நாள் பயிலரங்கில் கேட்டவற்றை அந்தத் தாளில் சேர்க்க வேண்டாம். தாளில் ஐந்தாறு வரிகளே தேறினால் அதற்காக வருந்த வேண்டியதில்லை, தேர்வு எளிதாகிவிடும்.

இரண்டாம் படி: மாவட்டத்தைப் படியுங்கள்

கிருஷ்ணகிரி 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஆனாலும் ஓசூரில் இருப்பவரின் வாழ்க்கைக்கும் அரூரில் இருப்பவரின் வாழ்க்கைக்கும் உள்ள தொலைவு மாவட்ட எல்லையால் வந்ததன்று. ஓசூரிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். சிப்காட் தொழிற்பேட்டைகளில் மூன்று ஷிப்டுகளாக வேலை பார்ப்பவர்கள், தென் மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் இளம்பெண்கள், வாடகை குறைவு என்பதால் ஓசூரில் குடியிருந்துகொண்டு தினமும் பெங்களூருக்குப் போய்வரும் மென்பொருள் ஊழியர்கள் ஆகியோரின் சிக்கல்கள் ஒரு வகை. இரவு முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு ஷிப்டு முடிந்து காலை ஏழு மணிக்கு அறைக்குத் திரும்பி, அடுத்த படுக்கைக்காரி குளித்துக் கிளம்பும் சத்தத்தில் தூங்க முயலும் ஒரு பெண்ணுக்கு 'மன அழுத்த மேலாண்மை' என்ற சொல் எதையும் சொல்வதில்லை. 'ஷிப்டு வேலையால் தூக்கம் கெட்டவர்களுக்கு' என்று எழுதினால் அவள் அதைத் தன் தோழிக்கும் அனுப்புவாள்.

பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் தக்காளியும், கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி பக்கம் மாம்பழமும் வீட்டின் பணப்புழக்கத்தைத் தீர்மானிக்கின்றன. தக்காளி விலை வீழ்ந்து, பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாமல் தோட்டத்திலேயே விட்டுவிட்ட வாரத்தில் அந்த வீட்டிலிருந்து கவுன்சிலிங்குக்கு யாரும் வரமாட்டார்கள். ஆனால் உதவி தேவைப்படுவது அந்த வாரத்தில்தான். பென்னாகரம், அரூர் வட்டாரங்களில் வேலைக்காகக் குடும்பத்தில் ஒருவர் பெங்களூரிலோ திருப்பூரிலோ இருப்பது வழக்கமாகையால், மாமியாரோடு தனித்து விடப்பட்ட இளம் மனைவிகளும், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் முதியவர்களும் அங்கே மிகுதி.

மாணவர்கள் எங்கும் இருக்கிறார்கள். விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகள் இரு மாவட்டங்களிலும் உள்ளன. பிளஸ் டூ, நீட் என்ற இரண்டு சொற்கள் பல வீடுகளின் பேச்சை இரண்டு ஆண்டுகளுக்கு முழுவதுமாகப் பிடித்துக்கொள்கின்றன. இக்களத்துக்கு ஒரு நாட்காட்டி உண்டு என்பதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. ஜனவரியில் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கி, பொதுத்தேர்வு நடக்கும் மார்ச்சில் உச்சத்தைத் தொட்டு, நீட் தேர்வும் பொதுத்தேர்வு முடிவுகளும் வரும் மே மாதத்தில் கடைசி அலை வீசிவிட்டு, ஜூலையில் மையம் வெறிச்சோடிவிடும். கணவன் மனைவி சிக்கல்களுக்கும் அப்படி ஒரு காலம் இருக்கிறது: ஆடி மாதத்துக்குத் தாய்வீடு போன புதுமணப்பெண் ஆவணி பிறந்தும் திரும்பாதபோது இரு வீட்டாரும் யாரையாவது தேடுகிறார்கள். ஆகவே எந்தக் களத்தை எடுத்தாலும், அது ஆண்டின் எந்த மாதங்களில் உயிரோடிருக்கும் என்று பன்னிரண்டு கட்டங்கள் வரைந்து நிரப்பிப் பாருங்கள்.

மொழியும் ஒரு களம்தான். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரங்களில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ள குடும்பங்கள் ஏராளம். கிருஷ்ணகிரி நகரில் உருது பேசுவோரும் கணிசமாக உள்ளனர். தமிழில் விவரம் சொல்லத் தெரிந்தவர்கூட அழும்போது வீட்டுமொழிக்குத்தான் போகிறார். தெலுங்கில் சரளமாகப் பேசும் ஓர் ஆலோசகர் அதைப் பலகையில் குறிப்பிடாமல், எல்லோரும் எழுதுவதையே எழுதிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் படி: யார் வருகிறார், யார் பணம் கொடுக்கிறார் என்று பிரித்துப் பாருங்கள்

பரீட்சைப் பயத்தால் அவதிப்படுவது மகன். தொலைபேசியில் அழைப்பது அம்மா. கட்டணம் கொடுப்பது அப்பா. "இதெல்லாம் வேண்டாம், நாமக்கல்லுக்குப் போய் ஆஞ்சநேயரைக் கும்பிட்டு வாங்க" என்று சொல்வது பாட்டி. ஒரு களத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த நால்வரையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அழைப்பவருக்கு விளங்காத சொல்லில் களம் அமைந்தால் அழைப்பே வராது. கட்டணம் கொடுப்பவருக்குப் பயன் தெரியாவிட்டால் இரண்டாவது அமர்வு நடக்காது. குடிப்பழக்கத்தைக் களமாக எடுக்க விரும்புவோர் இதை இன்னும் கூர்ந்து நோக்க வேண்டும். குடிப்பவர் தாமாக வருவது அரிது. அவருடைய மனைவி வருவாள், அவளிடம் பணம் இருக்காது, அவள் வந்தது கணவனுக்குத் தெரியவும் கூடாது. 'குடிநோயாளிகளுக்கு' என்று எழுதிய மையத்துக்குள் அவள் நுழைவதை யாரும் பார்க்காமலிருக்க முடியாது. 'குடும்பப் பெண்களுக்கான ஆலோசனை' என்று எழுதியிருந்தால் அவளால் படியேற முடியும்.

கணக்கையும் போட்டுவிட வேண்டும். எடுத்துக்காட்டாக, அறை வாடகை 7,000 ரூபாய், மின்சாரமும் இணையமும் 1,500, தொலைபேசி மற்றும் சில்லறைச் செலவு 1,500, உங்கள் மேற்பார்வையாளருக்கு 2,000 என்று மாதம் 12,000 ஆகிறது என்று வையுங்கள். உங்கள் வீட்டுச் செலவுக்கு 25,000 வேண்டுமென்றால் மொத்தம் 37,000. ஓர் அமர்வுக்கு 500 ரூபாய் வாங்கினால் மாதம் 74 அமர்வுகள் நடக்க வேண்டும். வாரத்துக்கு 17 அல்லது 18. ஒருவர் சராசரியாக ஐந்து அமர்வுகளுக்கு வருவாரானால் மாதந்தோறும் ஏறத்தாழ 15 புதியவர்கள் வேண்டும். எட்டு அமர்வுகளுக்கு வருவாரானால் ஒன்பது, பத்துப் பேர் போதும். குறுகிய காலத்தில் முடிந்துவிடும் சிக்கலைக் களமாக எடுப்பவருக்கு அனுப்பி வைப்பவர்கள் அதிகம் தேவை. நீண்ட காலம் செல்லும் சிக்கலை எடுப்பவருக்கு, வாராவாரம் பஸ் ஏறி வரக்கூடிய தொலைவில் இருப்பவர்கள் தேவை. அரூருக்கு அப்பாலிருந்து ஒரு தாய் மகளோடு தருமபுரிக்கு வந்துபோனால், பஸ் கட்டணம், அரை நாள் கூலி இழப்பு, மதியச் சாப்பாடு என்று உங்கள் கட்டணத்துக்கு இணையான தொகை வழியிலேயே செலவாகிவிடும். இதை எண்ணாமல் அமர்வுக் கட்டணத்தைக் குறைத்துப் பயனில்லை. இரு வாரங்களுக்கு ஒருமுறை நேரிலும் இடையில் தொலைபேசியிலும் என்று மாற்றியமைத்தால் அவர்கள் தொடர்ந்து வருவார்கள்.

நான்காம் படி: வாக்கியத்தை எழுதுங்கள்

முதலில், உங்களிடம் பேசியவர்கள் தம் சிக்கலை எந்தச் சொற்களில் சொன்னார்கள் என்பதை ஒரு குறிப்பேட்டில் அப்படியே எழுதுங்கள். பெயர், ஊர் எதுவும் வேண்டாம், சொற்கள் மட்டும் போதும். என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் இருந்தவை இவை: "படபடன்னு வருது", "மனசே சரியில்லீங்க", "புக்கைத் தொறந்தா தலைய வலிக்குதுங்கறான்", "யார்கிட்டயும் பேசறதில்ல, கதவைச் சாத்திக்கிறா", "மந்திரிச்சுக் கயிறும் கட்டிப் பார்த்துட்டோம்". அந்தப் பக்கம் முழுவதிலும் 'மனச்சோர்வு' என்ற சொல் ஒருமுறைகூட இல்லை. என் பலகையில் அதுதான் முதல் சொல்லாக இருந்தது.

அந்தச் சொற்களிலிருந்து, யாருக்கு, எதற்கு என்ற இரண்டும் அடங்கிய ஒரே வாக்கியத்தை அமையுங்கள். 'அனைத்து வகை மனநலப் பிரச்சினைகளுக்கும் நவீன உளவியல் தீர்வு' என்பதை எவரும் எவரிடமும் சொல்லமாட்டார்கள். 'பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகளின் பரீட்சைப் பயத்துக்குப் பார்ப்பாங்க' என்பதை ஒரு டியூஷன் ஆசிரியை மூன்று விநாடிகளில் சொல்லிவிடுவார். 'குழந்தை பெற்ற பிறகு மனசு சரியில்லாத தாய்மார்களுக்கு', 'கல்யாணமாகி ரெண்டு மூணு வருஷத்துக்குள்ள ஒத்துப்போகாத தம்பதிகளுக்கு', 'பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வயதானவர்களுக்கு' ஆகியவையும் வாய்க்குப் பொருந்தும். களத்தின் பெயரில் அவமானம் தொனிக்கிறதா என்பதைத் தனியாகச் சோதியுங்கள். 'மெண்டல் டாக்டர்கிட்ட போறாங்க' என்ற பேச்சுக்கு இன்னும் அஞ்சும் ஊர்களில், சொல்பவருக்கும் கேட்பவருக்கும் கௌரவமான காரணம் ஒன்று கையில் இருக்க வேண்டும். பரீட்சையும் தூக்கமும் அப்படிப்பட்ட காரணங்கள். உள்ளே வந்து அமர்ந்த பிறகு அவர்கள் சொல்லப்போவது வேறாக இருக்கலாம், அது பரவாயில்லை.

காதல், கலப்புமணம் தொடர்பான சிக்கல்களைக் களமாக அறிவிப்பதைப் பற்றி இளம் ஆலோசகர்கள் சிலர் என்னிடம் கேட்டதுண்டு. அத்தகையோருக்கு உதவி தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சாதி குறித்த பதற்றம் விரைவில் தீப்பற்றும் இம்மாவட்டங்களில் அதைப் பலகையில் எழுதினால், வருகிறவர்களுக்கே ஆபத்தாக முடியும். பொதுவான தம்பதி ஆலோசனை என்ற பெயரின் கீழ் அவர்களைப் பாதுகாப்பாகச் சந்திக்க முடியும்.

வாக்கியத்தை எழுதிய பின் மூன்று பேரிடம் சொல்லுங்கள்: ஒரு கடைக்காரர், ஓர் ஆசிரியர், உங்கள் துறையை அறியாத ஓர் உறவினர். ஒரு வாரம் கழித்து, "நான் எதுக்குப் பார்க்கிறேன்னு உங்ககிட்ட யாராவது கேட்டா என்ன சொல்வீங்க?" என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்லும் வடிவம் உங்கள் வடிவத்தைவிடக் குட்டையாகவும் நன்றாகவும் இருந்தால், உங்களுடையதை அழித்துவிட்டு அதையே வைத்துக்கொள்ளுங்கள். என் கட்டடத்து மெடிக்கல் ஷாப்காரர் சொன்னது "பரீட்சை டென்ஷனுக்குங்க" என்பதுதான். அந்த மாதமே இரண்டு தாய்மார்களை அனுப்பினார்.

ஐந்தாம் படி: அனுப்பி வைப்பவர்களிடம் நேரில் போங்கள்

ஒவ்வொரு களத்துக்கும் அனுப்பி வைப்பவர்கள் வேறு. மாணவர் களத்துக்கு டியூஷன் நடத்துபவர்களும் வகுப்பாசிரியர்களும். தாய்மார் களத்துக்கு மகப்பேறு மருத்துவர்களும், அவர்களைவிட முக்கியமாக அங்கே பணிபுரியும் நர்ஸுகளும். தம்பதிகளுக்குக் குடும்ப வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர்களும் மகளிர் காவல் நிலையத்தில் சமரசம் பேசும் அலுவலர்களும். தூக்கமின்மைக்கு மெடிக்கல் ஷாப்காரர்களும் தொழிற்சாலைகளின் மனிதவளப் பிரிவினரும். பத்துப் பேரின் பட்டியலைத் தயாரித்து, வாரத்துக்கு இரண்டு பேராகச் சென்று, பத்து நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளாமல் அந்த ஒரு வாக்கியத்தையும், எந்த நிலையில் இருப்பவரை நீங்கள் ஏற்கமாட்டீர்கள் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள். இரண்டாவதைச் சொல்லும்போதுதான் மருத்துவர்களுக்கு உங்கள்மேல் நம்பிக்கை வருகிறது.

கமிஷன் என்ற பேச்சு ஓரிடத்தில் நிச்சயம் எழும். ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். ஆலோசனைக்கு வருபவரின் நம்பிக்கையில் பங்கு போட முடியாது என்று சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். அனுப்பியவர் பிறகு, "அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?" என்று கேட்பதும் இங்கே சாதாரணம். அவருக்கு நன்றி மட்டும் சொல்ல வேண்டும். வந்தாரா இல்லையா என்பதைக்கூடச் சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலின்றிச் சொல்லக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 23ஆம் பிரிவு இரகசியக் காப்பை உரிமையாகவே வைத்திருக்கிறது.

ஆறாம் படி: பலகை, அறை, தொலைபேசி

இரண்டாவது பலகையை எழுதக் கொடுத்தபோது, ஒரே வரியைப் பார்த்த ஓவியர் மீதி இடத்தை என்ன செய்வது என்று கேட்டார். தொலைபேசி எண்ணைப் பெரிதாக எழுதச் சொன்னேன். வாசலில் நின்று பலகையைப் படிக்க இங்கே யாரும் துணியமாட்டார்கள். போகிற போக்கில் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொள்வார்கள். கூகுள் மேப்பிலும் வாட்ஸ்அப் பிசினஸிலும் அதே வாக்கியம் அதே சொற்களில் இருக்கட்டும். வந்து பயனடைந்தவர்களிடம் பாராட்டு எழுதித் தரச் சொல்வதோ, அவர்களுடைய புகைப்படத்தைப் போடுவதோ வேண்டாம். இரண்டு அமர்வுகளுக்கு நடுவே கால் மணி நேரம் விட்டால், ஒரே தெருக்காரர்கள் இருவர் படிக்கட்டில் நேருக்கு நேர் சந்திக்கும் சங்கடம் பெரும்பாலும் நேராது. வேறு பல கடைகள் இருக்கும் கட்டடத்தின் முதல் மாடி, தனி வீட்டைவிட நல்லது.

ஏழாம் படி: களத்துக்கு வெளியே உள்ள சிக்கல்களுக்கும் ஆயத்தமாக இருங்கள்

பரீட்சைப் பயம் என்று வந்த பிள்ளை, மூன்றாவது அமர்வில் தன் உறவினர் ஒருவரால் நேர்ந்த கொடுமையைச் சொல்லலாம். பதினெட்டு வயது நிறையாதவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால், போக்சோ சட்டம் 2012இன் 19ஆம் பிரிவின்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது உங்கள் சட்டக் கடமை. குடும்பத்தின் மானம், பெற்றோரின் வேண்டுகோள் ஆகியவற்றால் அக்கடமை நீங்காது. குழந்தைத் திருமண ஏற்பாடு தெரியவந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவிக்கலாம். ஆகவே முதல் அமர்வின் தொடக்கத்திலேயே, இரகசியம் எங்கே முடிகிறது என்பதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் எளிய தமிழில் சொல்லிவிடுங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், யாரோ பேசுவது போல் காதில் கேட்பது, பல நாட்கள் உறங்காமல் அலைவது போன்றவற்றைக் கண்டால் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. மாவட்ட மனநலத் திட்டத்தின் சேவையும் உண்டு. ஓசூர்ப் பகுதியினருக்குப் பெங்களூரின் தேசிய மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் எட்டும் தொலைவில் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற இலவச எண், நாள் முழுவதும் தமிழிலும் இயங்குகிறது. இவற்றை ஒரு சீட்டில் அச்சிட்டு மேசையில் வைத்திருங்கள். வாய்மொழியாகச் சொன்னால் மறந்துபோகும். நீங்கள் கையெழுத்திட்ட ஒரு பரிந்துரைக் கடிதத்தோடு போகிறவர்தான் உண்மையில் போய்ச் சேருகிறார்.

எட்டாம் படி: ஆறு மாதம் பொறுத்து, குறிப்பேட்டைப் பாருங்கள்

புதியவர்கள் மூன்றாவது மாதத்திலேயே களத்தை மாற்றிவிடுகிறார்கள். அதற்குள் ஒரு சொல் ஊருக்குள் நடந்து திரும்பி வருவதில்லை. வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் தேதி, யார் சொல்லி அழைத்தார், எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார், முதல் அமர்வுக்கு வந்தாரா, இரண்டாவதற்கு வந்தாரா என்று ஐந்து கட்டங்களை மட்டும் நிரப்புங்கள். அழைப்புகள் வந்தும் முதல் அமர்வு நடக்கவில்லை என்றால் கட்டணமோ தொலைவோ நேரமோ தடையாக இருக்கிறது. முதல் அமர்வு நடந்தும் இரண்டாவது நடக்கவில்லை என்றால் உங்கள் மேற்பார்வையாளரிடம்தான் பேச வேண்டும், களத்தில் குறையில்லை. அழைப்பே வரவில்லை என்றால், வாக்கியத்தை ஒருமுறை மாற்றிப் பார்த்துவிட்டு, அதன் பிறகே களத்தை மாற்றுங்கள்.

என் குறிப்பேட்டில் இரண்டாம் ஆண்டு முதலே ஒரு கட்டம் தடித்துக்கொண்டு வந்தது. பிள்ளையின் பரீட்சைக்காக வந்த தாய்மார்கள், பிள்ளை உள்ளே இருக்கும்போது வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, அமர்வு முடிந்து கிளம்பும் நேரத்தில், "எனக்கும் ராத்திரியில தூக்கமே வர்றதில்லீங்க மேடம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்கள். பலகையில் எதையும் சேர்க்கவில்லை. செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களில், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் காலை 11 மணியிலிருந்து ஒரு மணிவரை அவர்களுக்கென ஒதுக்கினேன். மெடிக்கல் ஷாப்காரரிடம்கூட அதைச் சொல்லவில்லை. அவருக்கு அது எப்படியோ தெரிந்திருந்தது.